எடுத்துச் சென்ற விளக்கு

திருக்கோஷ்டியூர் மாசித் தெப்பத் திருவிழாவில், வேண்டுதலுடையோர் குளக்கரையில் எரியும் அகல் விளக்கொன்றை இல்லத்திற்கு எடுத்துச் செல்வர். எண்ணியது கைகூடின், மறு ஆண்டு அதனுடன் வேறு விளக்குகளையும் கொணர்ந்து ஏற்றுவர். எடுத்த பொருள் எங்கே, எப்போது திரும்பவேண்டும் என்பதை அங்கே குழந்தையும் அறியும்.

நகரத்திலோ அவ்வறிவு மங்கிவிட்டது. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில், இடித்த வீட்டின் பர்மாத் தேக்குக் கதவும் மறு வாழ்வு பெறுகிறது. (வீடு போயிற்றே என்ற வருத்தம் வேறு!) அதற்கு விலையுண்டு. எச்சில் இலைக்கு விலையேது? அது பிளாஸ்டிக் பையோடு கலந்து குப்பைமேடு சேர்கிறது.

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கவேண்டுமென 2016-ஆம் ஆண்டு விதிகள் பணித்தன. ஆயினும் ஒரு வீடு மட்டும் பிரித்தால், வண்டியில் மீண்டும் கலந்துவிடும். தெருவே கூடிப் பிரித்தாலன்றோ இலை எருவாகித் தோட்டம் புகும். காகிதம் பழைய பேப்பர்க்காரர் கைக்குப் போகும்!