புது முட்டி, பழைய வாத்தியார்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில், ஓய்வுபெற்ற பணிமனைப் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் பெயரைக் கூப்பிட்டதும் ஒரு தம்பி ஓடி வந்து, "சார், மேடை ஏறுவீங்களா, இல்ல மைக்கைக் கீழே கொண்டாரட்டுமா?" என்று கேட்டான். ஏறியே வந்தேன். ஐந்து படி. எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். போன வருஷம் இதே நாளில் என்னால் வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்ட முடியவில்லை. லேத்தைப் பற்றியும் வெல்டிங்கைப் பற்றியும் உங்களுக்கு எவ்வளவோ சொல்லியாயிற்று. இன்றைக்கு என் முட்டியைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் மெக்கானிக்கல்தான்.

ஒர்க்ஷாப்பின் சிமெண்ட் தரையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றேன். அதனால்தான் முட்டி தேய்ந்தது என்று நான் சொன்னபோது டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. வயசு, உடம்பு எடை, பரம்பரை எல்லாம் சேர்ந்த தேய்மானம் என்றார். கவரைப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் வந்து நின்றால், ஏறுவதற்குள் வண்டி நகர்ந்துவிடுமோ என்று பயந்து, கடைசியில் சென்னைக்குப் போவதையே விட்டுவிட்டேன். இனிமேல் மாத்திரையால் ஆகாது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள்.

முட்டி மாற்று சிகிச்சை என்ற பேச்சு நம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்தது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில். பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர்களுக்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முட்டியை மாற்றினார்கள். 2001 ஜூனில் வலது முட்டி. அடுத்த மாதமே ஆக்ராவில் முஷாரஃபோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார். அறுவை சிகிச்சை செய்தவர் சித்தரஞ்சன் ரணாவத். மத்தியப் பிரதேசத்தில் பிறந்து நியூயார்க் போனவர். இன்று உலகமெங்கும் பொருத்துகிற செயற்கை முட்டிக்கு மூல வடிவம் என்று சொல்லப்படும் ஒன்றை 1970-களில் உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். அந்தக் குழுவில் பீட்டர் வாக்கர் என்று ஒரு எஞ்சினியரும் இருந்தார் என்பதை இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

முழு முட்டியையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. தேய்ந்த முகப்பை மட்டும் சீவி எடுத்து, தொடை எலும்பின் நுனிக்குப் பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் ஒரு தொப்பி, கீழ் எலும்பின் தலைக்கு ஒரு உலோகத் தட்டு, நடுவில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக். உலோகம் பிளாஸ்டிக் மேல் வழுக்கும். சொல்லப்போனால் ஒரு பேரிங்.

அந்த பிளாஸ்டிக் வந்த கதை நம் ஒர்க்ஷாப் ஆட்களுக்குப் பெருமையான கதை. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் இடுப்பு மூட்டுக்கு முதலில் டெஃப்லான் வைத்துப் பார்த்தார். சீக்கிரமே தேய்ந்து நோயாளிகள் அவதிப்பட்டார்கள். 1962-ல் ஒரு விற்பனையாளர், நெசவுத் தறிகளின் பல்சக்கரத்துக்குப் போடுகிற பாலிஎதிலீன் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். அவருடைய ஒர்க்ஷாப்பில் இருந்த ஹாரி கிரேவன் என்ற டெக்னீஷியன் விடவில்லை. டாக்டர் வெளியூர் போயிருந்த சமயம் அதைத் தேய்மானச் சோதனை மெஷினில் மாட்டி ஓடவிட்டார். வாரக்கணக்கில் ஓடியும் தேய்மானம் சொற்பம். ரீடிங்கைப் பார்த்த பிறகு சார்ன்லி தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். பிற்பாடு முட்டிக்கும் அதே பொருள்தான் வந்தது. பெரிய டாக்டரின் நகம் சொன்னதைவிட மெஷின் சொன்னதுதான் சரி. இந்த ரீடிங் விஷயத்தை நினைவில் வையுங்கள், திரும்ப வருகிறேன்.

எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. மறுநாளே வாக்கர் கொடுத்து நிற்க வைத்தார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் ஆரம்பம்.

என் வீட்டம்மா அதற்குள் வீட்டையே மாற்றி வைத்திருந்தாள். மிதியடிகளை எல்லாம் சுருட்டிப் பரண்மேல் போட்டாயிற்று. பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு பைப். உயரமான நாற்காலி. வெஸ்டர்ன் டாய்லெட்டை முன்பே போட்டுவிட்டோம், இல்லாவிட்டால் நாறியிருக்கும் பிழைப்பு. கும்மிடிப்பூண்டியிலிருந்து பிசியோதெரபி படித்த ஒரு பெண் வாரம் மூன்று நாள் ஸ்கூட்டியில் வந்தாள். மற்ற வேளைகளில் நானே செய்ய வேண்டும். தொடையை இறுக்கி முட்டியைப் படுக்கையில் அழுத்துவது, காலை நீட்டியபடி தூக்குவது, குதிகாலுக்கு அடியில் துணிக்கடைப் பையை வைத்து வழுக்கி வழுக்கி முட்டியை மடக்குவது. ஒரு நாளைக்கு மூன்று தடவை. எத்தனை டிகிரி மடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

செய்தேனா? முதல் வாரம் செய்தேன். இரண்டாம் வாரம் வலி தாங்கவில்லை. தையல் பிரிந்துவிடுமோ என்று பயம். வலி மாத்திரையைக் குறைத்துக்கொள்வது வீரம் என்று ஒரு அசட்டு எண்ணம் வேறு. மாத்திரை போட்டு அரைமணி கழித்துப் பயிற்சி செய்தால்தான் காலே மடங்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. ராத்திரியில் தூக்கமில்லை. எதற்கு இந்த வேலை செய்துகொண்டோம் என்று இருட்டில் அழுதிருக்கிறேன். பெங்களூரிலிருந்து பையன் தினமும் போன் பண்ணி "எப்படி இருக்கீங்கப்பா?" என்பான். "நல்லா இருக்கேன்டா" என்பேன். முட்டிக்கு அடியில் தலையணையை வைத்து மடக்கியபடியே படுத்துக்கிடப்பேன். அது சுகமாக இருக்கும், ஆனால் செய்யவே கூடாத காரியம். கால் நேராக நீளாமல் அப்படியே நின்றுவிடும்.

நோட்டை மட்டும் ஒழுங்காக எழுதினேன். 75, 80, 85, 90.

மூன்றாம் வாரம் அந்தப் பெண் கோனியோமீட்டரை வைத்து அளந்தாள். நம் லேபில் இருக்கும் பெவல் புரொட்ராக்டரின் தங்கச்சி அது. 68 டிகிரி. நோட்டைப் பார்த்தாள், 90. மறுபடி அளந்தாள், 68. ஒன்றும் சொல்லவில்லை. "சார், ஆறு வாரத்துக்குள்ள 90 வரலைன்னா, திரும்ப மயக்கம் கொடுத்து டாக்டர் மடக்கிவிட வேண்டியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அவள் போன பிறகு வீட்டம்மா நோட்டைக் கையில் எடுத்தாள். "என்னாங்க, லேபுக்கே போகாம ரீடிங் எழுதினானுங்கன்னு பசங்க நோட்டைத் தூக்கித் தூக்கி வீசினீங்களே. இத யாரு வீசறது?"

இங்கே முன்வரிசையில் இருக்கும் சிலருடைய ரெக்கார்டு நோட்டை நான் ஜன்னல் வழியாகவே வீசியிருக்கிறேன். எத்தனை பேர் கெஞ்சியிருப்பீர்கள், காதில் வாங்கவில்லையே. அன்றைக்குத்தான் புரிந்தது. பொய் ரீடிங் எழுதுகிறவன் எல்லாரும் திருடன் இல்லை. நிறைய பேர் பயந்தவன். நிஜ ரீடிங்கைப் பார்க்கப் பயம். உங்களிடம் இந்த மேடையில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நோட்டு பொய் என்பதில் மாற்றமில்லை.

மறுநாளிலிருந்து நோட்டு வீட்டம்மா கைக்குப் போனது. மாத்திரை நேரத்துக்கு வந்தது. தலையணை முட்டிக்கு அடியிலிருந்து கணுக்காலுக்கு அடியில் போனது. பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பதினைந்து நிமிஷம். 70, 73, 73, 72, 78. குறைந்த நாளில் குறைந்ததையே எழுதினாள். ஆறாம் வாரம் 96. வாக்கரை விட்டுக் கைத்தடி. தடியை ஆபரேஷன் ஆன கால் பக்கம் பிடிக்கக் கூடாது, மறுபக்கம் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். மூன்றாம் மாதம் நம் ஸ்டேஷனில் லோக்கல் வண்டி ஏறிப் பொன்னேரி வரை போய், ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். வேலை ஒன்றுமில்லை, ஏறிப் பார்க்கத்தான். இன்றைக்கு 115 டிகிரி. தரையில் சம்மணம் போட முடியாது. தழும்பின் வெளிப்பக்கம் இன்னும் மரத்த மாதிரி இருக்கிறது. சில நேரம் 'டக்'கென்று சத்தம் வரும். அதெல்லாம் இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? முதல் செட் பசங்களுக்கே இப்போது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வயசு. உங்களில் பலர் அமெரிக்காவிலோ துபாயிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்கள். பணம் அனுப்பி நல்ல ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து வைப்பீர்கள், சந்தேகமில்லை. 2017-ல் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட்-குரோமியம் முட்டி, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு இறங்கியது. வசதியில்லாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே செய்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். பொருளும் உறுதியானது. 2019-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, முழு முட்டி மாற்றியவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அது 25 வருஷம் உழைக்கும் என்று கணக்கிட்டது.

ஆக, ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதற்கப்புறம் வீட்டில் கழிகிற ஆறு வாரம்தான் கால் மடங்குமா மடங்காதா என்று தீர்மானிக்கிறது. லீவு இருந்தால் ஆபரேஷன் நாளுக்கு மட்டும் வந்து போகாதீர்கள். இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம் வாருங்கள். ஆள் மனசு விட்டுப் போகிற நேரம் அதுதான். வர முடியாவிட்டால் போனிலாவது சரியான கேள்வி கேளுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். நாங்கள் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வோம், பெற்றவர்கள் வேறென்ன சொல்வோம்? "எத்தனை டிகிரி மடங்குது? கால் நேரா நீளுதா? மாத்திரை போட்டாச்சா? ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால், காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

என் பையனும் இப்போது அப்படித்தான் கேட்கிறான். அவனுக்கு அந்தக் கேள்விகளை எழுதிக் கொடுத்தது நானில்லை, வீட்டம்மா.

வலது முட்டி இன்னும் பாக்கி. தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை முதல் நாளிலிருந்தே நோட்டு அவள் கையில். அடுத்த ஒன்றுகூடலுக்கு இரண்டு புது முட்டியோடு வந்து, இந்த ஐந்து படியையும் எண்ணாமல் ஏறுகிறேன்.