மலைப்பாதையில் நாற்பது நிமிஷம்

சித்தூர், திருப்பதி அன்பர்கள் கூடியிருப்பதால் எல்லோரும் அறிந்த சாலையைப் பற்றியே பேசுகிறேன்.

திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944ல் திறக்கப்பட்டது. ஏறுவதற்குத் தனிப்பாதை 1970களில் வந்தபின், பழையது இறங்குவதற்கு மட்டும். சுமார் 19 கி.மீ. தூரத்தை 40 நிமிஷத்துக்குக் குறையாமல் இறங்க வேண்டும் என்பது விதி. முந்தி வந்தால் அபராதம். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வளைவுகளில் பறந்து வந்து, அலிபிரிக்குச் சற்று முன் ஓரங்கட்டி, மீதி நிமிஷங்களை முறுக்கு தின்று கழிக்கிறார்கள்!

மணிக்கு 20 கி.மீ.யில் போகிற வண்டி 40ல் போனால் இயக்க ஆற்றல் இரண்டல்ல, நான்கு மடங்கு. அத்தனையும் பிரேக்கில் உஷ்ணமாக வேண்டும். இரண்டாவது கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. மோகாளி மெட்டுக்கு முன்னால் அலிபிரி நடைபாதைக்காரர்கள் இந்தச் சாலையோரமாகத்தான் வர வேண்டும். மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் ராமானுஜர் முழங்காலால் ஏறினார் என்று பெரியவர்கள் சொல்லும் இடம் அது. அங்கே, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு களைத்து வருகிறவர் காதருகே ஹாரன் அடிக்கிறோம். திடுக்கிட்டு அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யார் கண்டது? அவர்கள் கடக்கும்வரை நின்றால் அரை நிமிஷம் ஆகும். அதுவும் அந்த நாற்பதுக்குள் அடக்கம்தானே!

புரட்டாசியில் தரிசனம் முடித்து இரவில் சித்தூர் திரும்பும்போது, எதிரே கோவிந்தா சொல்லி நடந்து வரும் கோஷ்டிகளைப் பார்க்கிறோம். லாரி வந்தால் ஹெட்லைட்டைத் தாழ்த்துகிற நாம், தயவுசெய்து இவர்களுக்கும் தாழ்த்துவோம்.