வானில் கண்ட நெருப்பும் மண்ணில் நடந்த விசாரணையும்

2022 ஏப்ரல் 2ஆம் நாள், மராத்தியரின் புத்தாண்டு நாள். அன்றிரவு மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் மாநிலங்களின் வானில் நெருப்புக் கோடுகள் வரிசையாக நகர்ந்து செல்வதை மக்கள் கண்டனர். விண்கல் வீழ்ச்சி என்றே பலர் எண்ணினர். ஆனால் சந்திரப்பூர் மாவட்டம், சிந்தேவாகி வட்டத்திலுள்ள லாட்போரி கிராமத்தில் விழுந்து கிடந்ததோ, ஏறத்தாழ 3 மீட்டர் விட்டமுள்ள உலோக வளையம். பவன்பார் என்ற ஊரருகே உலோக உருண்டையொன்றும் கிடைத்தது. நல்லவேளையாக, உயிர்ச்சேதம் இல்லை.

விண்கல் நொடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்று மண்டலத்துள் நுழைந்து, பெரும்பாலும் சில நொடிகளில் மறைந்துவிடும். சுற்றுப்பாதையிலிருந்து இறங்கும் பொருளோ நொடிக்கு 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில், சாய்வாக, துண்டு துண்டாக உடைந்தவாறே நெடுநேரம் எரியும். மக்கள் எடுத்த கைப்பேசிப் படங்கள் இதனைத் தெளிவாகக் காட்டின. 2021 பிப்ரவரியில் சீனா செலுத்திய ராக்கெட்டின் மூன்றாம் கட்டமே அது என்று சுற்றுப்பாதைக் கணக்குகளைக் கொண்டு வானியலார் கருதினர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் நேரில் வந்து பார்வையிட்டனர்.

எனினும் இத்தகைய விசாரணை விஞ்ஞானிகளிடம் தொடங்குவதில்லை. வருவாய்த் துறையினரிடமும் காவல் நிலையத்திலுமே தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டின் சர்வதேசப் பொறுப்பு உடன்படிக்கையின்படி, நிலத்தில் விளையும் சேதத்துக்கு, தவறு உண்டா இல்லையா என்று பாராமலே, ஏவிய நாடு ஈடுசெய்ய வேண்டும். ஆனால் சேதம் நேர்ந்த ஓராண்டுக்குள், அல்லது ஏவிய நாடு எதுவென அறிந்த ஓராண்டுக்குள், அரசு வழியே கோரிக்கை எழுப்பியாக வேண்டும். துண்டுகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் எதைக் காட்டிக் கோருவது? எரிபொருள் தொட்டிகளில் நச்சு எஞ்சியிருக்கவும் கூடும்.

1978 ஜனவரியில் அணு உலையுடன் கூடிய சோவியத் செயற்கைக்கோளான காஸ்மாஸ் 954 கனடாவின் வடபகுதியில் விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடி அகற்றிய செலவுக்காகக் கனடா கோரியது சுமார் 60 லட்சம் டாலர். 1981இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி பெற்றது 30 லட்சம் கனடிய டாலர். ஒவ்வொரு துண்டும் கிடைத்த இடத்தைப் பதிவு செய்திராவிடில் இதுவும் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

பொருளாதார நோக்கில் இது புறச்செலவுதான். பயன் முடிந்த கட்டத்தைக் கட்டுப்பாட்டுடன் கடலில் இறக்க எரிபொருள் வேண்டும். அதைச் சேமிப்பவர் ஏவுபவர், அபாயத்தைச் சுமப்பவர் எங்கோ வயலில் நிற்பவர்.

இந்தியாவும் ஏவும் நாடே. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் பெரிய உருளையொன்று ஒதுங்கியது. அங்கும் காவல் துறையினரே முதலில் காவலிருந்து மக்களை விலக்கி வைத்தனர். அது பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டமாகவே இருக்கும் என்று ஆஸ்திரேலிய விண்வெளி நிறுவனம் அறிவித்தது. தன் விண்வெளிப் பயணங்கள் அனைத்தையும் 2030ஆம் ஆண்டுக்குள் எச்சமற்றனவாக்குவதை இந்தியா 2024இல் இலக்காக அறிவித்தது.