மேகத்தில் வைத்த பெட்டி

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு மூட்டை கட்டுவது புதிதன்று. முன்னாளில் வீட்டுப் பத்திரங்களும் புகைப்படங்களும் தகரப் பெட்டியில் அடங்கி ரயிலில் நம்முடனேயே வந்தன. இன்று அவற்றை ‘கிளவுட்’ என்னும் மேகச் சேமிப்பில் வைக்கிறோம். பெயர்தான் மேகம், உண்மையில் அவை எங்கோ ஒரு கட்டடத்தில், பிறருக்குச் சொந்தமான கணினிகளில் இருக்கின்றன.

அதன் சௌகரியத்தை நாம் மறுக்கவில்லை. கைபேசி தொலைந்தாலும் படங்கள் தொலைவதில்லை. ஆனால் அங்கே செல்லும் வழி நம் கையில் இல்லை. எங்கள் குடும்பத்தில் நேர்ந்ததைக் கேளுங்கள். புனேக்குக் குடிவந்தபின் புதிய எண் வாங்கினோம். பழைய எண்ணைக் கவனியாது விட்டோம். இவ்வாறு பல மாதம் பயன்படாத எண் வேறொருவருக்குப் போய்விடுவதுண்டு. பின்னர் கைபேசி பழுதாயிற்று. கடவுச்சொல் நினைவிலிருந்தது, ஆயினும் உறுதி செய்யும் குறியெண் அந்தப் பழைய எண்ணுக்கே சென்றது. மறைந்த தாயார் பாடிய பாட்டுகளெல்லாம் உள்ளே அகப்பட்டுக்கொண்டன. யாரை நோவது? திருடனைத் தடுக்கும் பூட்டு எங்களையும் தடுத்தது.

அரசாங்கங்களுக்கும் இவ்விதம் நேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசுக் கணினி நிலையம் ஒன்று தீப்பற்றியது. ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் கொண்ட அமைப்பு அழிந்தது. அதற்கு வெளியே வேறு பிரதி இல்லை.

நேரத்தையும் கணக்கிடுவோம். வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 64 ஜிகாபைட்டை மேலேற்றப் பதினான்கு மணி நேரம் ஆகும். கையடக்க ஹார்டு டிஸ்க்கில் அதே அளவு கால் மணிக்குள் பதிந்துவிடும்.

பென் டிரைவும் அமர வஸ்துவன்று. சட்டைப் பையோடு சலவைக்குப் போகும். மின்சாரம் காணாமல் பல ஆண்டு கிடந்தால் பதிவு மங்கவும் கூடும். ஆகையால் ஆண்டுக்கொரு முறை திறந்து பார்ப்பதும், வேறோரிடத்தில் இன்னொரு பிரதி வைப்பதும் அவசியம். பொங்கலுக்கு ஊர் செல்கையில் ஒன்றைப் பிறந்த வீட்டுப் பீரோவில் வைத்து வரலாம்.

தாயாரின் பாட்டுகளில் மூன்று மட்டும் எங்களிடம் உள்ளன. கும்பகோணத்தில் தமக்கை மகள் எப்போதோ ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள்.