சிறு பலகையும் நெடுங்கணக்கும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சில கல் தொலைவில் உரும்பிராயை அடைவர். செம்மண் பூமி. ஆற்றுப் பாய்ச்சல் அங்கே கிடையாது. கிணற்று நீரை நம்பியே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளைகின்றன. காணியைப் பரப்புக் கணக்கில் அளக்கும் ஊர் அது. இருக்கின்ற சில பரப்பிலே எதை நடுவது, எதை விடுவது என்று கணக்குப் பார்ப்பது அவ்வூர்க் கமக்காரனுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. வரம்போரத்தில் ஒரு பிடி கீரைக்கு இடம் காண்பான். ஆனால் வெங்காயத்துக்குரிய பாத்தியைக் கீரைக்கு விட்டுக் கொடுக்க மாட்டான்.

இந்தக் கணக்கு இன்று தோட்டத்திலிருந்து வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. உரும்பிராயிலே ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மாலை நேரம். பேரன் மேசையருகே அமர்ந்திருக்கிறான். அவன் முன்னே கணினி. அதன் முன்னே ஒரு முழத்துக்கும் குறைந்த சிறு விசைப்பலகை. கடையிலே ‘மெக்கானிக்கல் கீபோட்’ என்று கேட்டு வாங்கியது. சற்று முன்வரை அதிலே விண்ணப்பக் கடிதம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது விளையாட்டில் இறங்கிவிட்டான். டக், டக் என்ற ஓசை விறாந்தை வரை கேட்கிறது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருப்பவர் அவனுடைய பாட்டனார்; ஒரு காலத்திலே கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்தவர். அந்த ஓசை அவருக்குப் புதியதன்று. எழுந்து வந்து பலகையைக் கூர்ந்து நோக்குகிறார்.

“தம்பி, உதிலை ‘ச’ எங்கை இருக்கு?” என்று கேட்கிறார்.

பேரனுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. விசைகளின் மேலே ஆங்கில எழுத்துகள் மாத்திரமே பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாட்டனாரின் வினாவோ சிறு வினா. ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தால், நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாற்றின் ஊடாகவே செல்ல வேண்டும்.

தட்டெழுத்துப்பொறிக்கு அமெரிக்காவிலே ஷோல்ஸ் என்பாரும் அவருடைய துணைவர்களும் 1868ஆம் ஆண்டிலே உரிமை பெற்றனர். 1874இல் ரெமிங்டன் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஆங்கிலத்துக்கு எழுத்து 26. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி யாவற்றையும் சேர்த்தாலும் நாற்பத்துச் சொச்சம் விசைகளில் அடங்கிவிடும். ஒவ்வொரு விசையும் இரண்டு உருவங்களைத் தரும். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1; ஆக 247. விசை 46 என்று கொண்டாலும் கிடைப்பவை 92 இடங்களே. இருநூற்று நாற்பத்தேழைத் தொண்ணூற்றிரண்டுக்குள் அடக்குவது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் யாழ்ப்பாணத்து மைந்தர் ஒருவரே. ஆர். முத்தையா என்னும் அப்பெரியார் 1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியிலே பிறந்தவர். சுண்டிக்குளிக்கும் உரும்பிராய்க்கும் இடையே சில கல் தூரந்தான். ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. முத்தையாவும் அவ்வாறே கடல் கடந்து சென்று, சிங்கப்பூரிலே வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றினார். நாள்தோறும் ஆங்கிலப் பொறியிலே விரலோட்டிய அவருக்கு, தம் தாய்மொழிக்கு இத்தகைய கருவி இல்லையே என்ற ஏக்கம் உண்டாயிற்று. ஏக்கத்தோடு அவர் நின்றுவிடவில்லை. எழுத்துகளை எண்ணத் தொடங்கினார்.

எண்ணிப் பார்த்தால் வழி தெரியும். 247 எழுத்துக்கும் 247 உருவம் வேண்டியதில்லை. காலும் கொம்பும் தனித்தனியே நிற்பவை. அவற்றை ஒருமுறை வைத்தால் எல்லா மெய்க்கும் பயன்படும். இகர ஈகார விசிறிகளும் புள்ளியும் எழுத்தின் தலைமேல் ஏறுபவை. அவை எழுத்தோடு ஒட்டி அமைய வேண்டும். உகர ஊகார வரிசைகளே மிகுந்த இடர் தருபவை. ‘கு’ ஒரு விதமாக வளையும். ‘து’ வேறு விதமாக வளையும். ‘மு’ இன்னொரு விதம். இவற்றுள் எதற்குத் தனி இடம் கொடுப்பது, எதனைத் துண்டுகளாக ஒட்டிக் கொள்வது என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வரம்பும் பாத்தியும் வகுக்கும் கமக்காரனுடைய கணக்கே இங்கும் வேண்டப்பட்டது.

புள்ளிக்கும் விசிறிக்கும் கண்ட தீர்வு நகரா விசை. சாதாரண விசையை அடித்தால் தாள் ஓர் எழுத்தளவு நகரும். நகரா விசையை அடித்தால் உருவம் பதியும்; தாள் நகராது. ஆகவே ‘க்’ என்று எழுத விரும்புபவர் முதலிலே புள்ளியை அடித்து, அதன் பின்னரே ககரத்தை அடிக்க வேண்டும். ‘வி’ என்பதற்கு முதலில் விசிறி, பிறகு வகரம். ஏட்டிலே எழுதுகின்ற பிள்ளை எழுத்தை எழுதிப் புள்ளியைப் பின்னர் இடுகிறது; பொறியிலோ புள்ளி முந்திக்கொள்கிறது. பழகும் வரை இது விரலுக்குச் சங்கடந்தான். பழகிய பின்னர் விரலே அதை அறிந்து கொள்ளும்.

முத்தையா வகுத்த அமைப்பைக் கொண்டு பொறி செய்து கொடுத்தவர்கள் ஜெர்மனியிலே டிரெஸ்டன் நகரத்துச் சைடல் அண்ட் நௌமன் நிறுவனத்தார். அவற்றுள் ‘பிஜோ’ என்னும் பெயருடையது கையிலே தூக்கிச் செல்லத்தக்க சிறிய பொறி. இன்று ‘கொம்பாக்ட்’ என்று இளைஞர் விரும்பிக் கேட்கும் குணம் அன்றே தமிழ்ப் பொறிக்கு இருந்தது. தமிழுக்குச் சிறு பலகை புதிய செய்தியன்று; தமிழ் பொறியேறியதே சிறிய இடத்துக்குள் தன்னை ஒழுங்கு செய்து கொண்டதனால்தான்.

இதிலே வசதி மாத்திரமா அடங்கியிருக்கிறது? இலங்கையிலே 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிற்று. 1958இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. ஆனால் சட்டப் புத்தகத்திலே மொழி இருப்பது வேறு. கந்தோர் மேசையிலே அது இருப்பது வேறு. தமிழ் விசையுள்ள பொறியும், அதில் விரலோட்டத் தெரிந்தவரும் இல்லாத கந்தோரிலிருந்து தமிழ்க் குடிமகனுக்குத் தமிழிலே கடிதம் புறப்படாது. உரிமை என்பது ஈற்றில் ஒரு விரல் நுனியிலே வந்து நிற்கிறது. பாட்டனாரின் ‘ச’ எங்கே என்ற வினாவின் கனம் இதுதான்.

இனிப் பேரனுடைய பலகைக்கு வரலாம். சாதாரண விசைப்பலகையில் விசைகளின் கீழே ஒரே றப்பர் விரிப்பு கிடக்கும். விசையை அடிவரை அழுத்தினாலன்றி எழுத்து விழாது. மெக்கானிக்கல் பலகையிலோ ஒவ்வொரு விசைக்கும் தனிச் சுவிச், தனிச் சுருள்வில். வழக்கமான சுவிச்சிலே விசை இறங்கும் ஆழம் 4 மில்லிமீற்றர். ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இறங்கிய உடனேயே எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை என்பதனால் நெடுநேரம் எழுதுவோரின் விரல் களைப்பது குறையும். இத்தகைய சுவிச்சுகளுக்குப் பெயர் பெற்ற செர்ரி நிறுவனமும் ஜெர்மனியைச் சார்ந்ததே. சிவப்பு நிறச் சுவிச் தடையின்றி இறங்கும். கபில நிறமுடையது பாதி வழியில் விரலுக்கு ஒரு சிறு தட்டு உணர்த்தும். நீல நிறமுடையது ஓசையும் எழுப்பும். அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிய வீட்டிலே, இரவில் எழுதுவோர் நீலத்தை விலக்குவது மற்றவர் நித்திரைக்கு நல்லது.

விளையாட்டுக்கு இது உகந்தது என்பதற்கும் காரணம் உண்டு. விசைகள் யாவும் நிரலும் நிரையுமாகக் கம்பியிலே பின்னப்பட்டவை. பல விசைகளை ஒரே வேளையில் அழுத்தினால், மலிவான பலகை அழுத்தாத விசையையும் அழுத்தியதாகக் கொள்ளும். அல்லது அழுத்தியதை விட்டுவிடும். நல்ல பலகையிலே ஒவ்வொரு சுவிச்சுக்கும் ஒரு டயோட் வைத்து, மின்னோட்டம் ஒரு திசையிலேயே செல்லுமாறு செய்திருப்பர். அதனால் ஓடிக்கொண்டே பாயவும், பாய்ந்துகொண்டே திரும்பவும் விளையாடுபவனுக்கு இயலும்.

பலகை சிறுத்ததற்கும் விளையாட்டே ஒரு காரணம். முழுப் பலகையிலே 104 விசைகள். வலப்புறத்து எண் தொகுதியையும், அம்புக்குறிகள் முதலியவற்றையும், மேல் வரிசையையும் நீக்கினால் 61 விசைகள் எஞ்சும். வலக்கையிலே ‘மவுஸ்’ ஓட இடம் கிடைக்கிறது. நீக்கப்பட்டவை அழிந்து போகவில்லை, ‘எஃப்.என்.’ என்னும் விசையோடு சேர்த்து அழுத்தினால் வேறு விசைகளின் அடியிலிருந்து எழுந்து வரும். கணக்கெழுதுவோர்க்கு இது உதவாது. எண் தொகுதி இன்றி அவர்க்கு வேலை ஓடாது. எழுதியதை அடிக்கடி திருத்துவோர்க்கும் அம்புக்குறி இல்லாமை தொடக்கத்தில் எரிச்சல் தரும். மேசையும் சிறிது, எழுத்தும் விளையாட்டும் ஒரே பலகையில் என்பவர்க்கு இது போதும்.

ஆனால் தமிழுக்குப் போதுமா? இங்கேதான் கமக்காரனின் கணக்கு மீண்டும் வருகிறது. 1999ஆம் ஆண்டு சென்னையிலே கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ என்னும் விசையமைப்பு உருவாயிற்று. சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி அவர்களின் ‘கணியன்’ அமைப்பு அதற்கு முன்னோடி. முத்தையா கண்ட கனவு அதே சிங்கப்பூரில் மறுபடியும் துளிர்த்தது போலும். இவ்வமைப்பிலே உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகிய 31 எழுத்தும் மூன்று வரிசை விசைகளிலே அடங்குகின்றன. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உருவத்தை ஒட்டாமல் ஒலியை அடிப்பதே இதன் முறை. ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு அடி. இரண்டு மகரம் அடுத்து வந்தால் முன்னதன் தலையிலே புள்ளி தானே ஏறும். புள்ளி முந்துமா, பிந்துமா என்ற பழைய சங்கடம் இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

இனிப் பாட்டனாரின் வினாவுக்கு விடை கூறலாம். தமிழ் 99இல் சகரம் இருப்பது ஆங்கில ‘பி’ விசைக்கு வலப்புறத்திலே, பகர அடைப்புக்குறியின் இடத்தில். அதற்கு அடுத்தது ஞகரம். நகரமும் யகரமும் ழகரமும் இவ்வாறே ஆங்கிலத்திலே குறிகளுக்குரிய விசைகளில் குடியிருக்கின்றன. 61 விசைப் பலகையிலே இவை யாவும் உள்ளன. தமிழ் எழுத்து ஒன்றுதானும் குறையவில்லை. ஆனால் இன்னும் சிறியதாக, நாற்பத்துச் சொச்சம் விசைகளோடு வரும் பலகைகள் உண்டு. ஆங்கிலேயனுக்கு அடைப்புக்குறி அரிதாகவே வேண்டும் என்று அதனை அங்கே அகற்றிவிடுகிறார்கள். அகற்றப்படுவது ஆங்கிலேயனுக்கு ஒரு குறி, தமிழனுக்கோ ‘ச’. கீரையென்று பிடுங்கப்பட்டது வெங்காயமாக இருந்துவிடுகிறது. ஆகவே, தமிழ் எழுதுவோர் பலகை வாங்கும் போது ‘பி’ விசைக்கு வலப்புறத்தே இரண்டு விசைகள் உளவா என்று பார்த்து வாங்குவது அறிவுடைமை.

விசை இருந்தால் மாத்திரம் போதுமா? யாழ்ப்பாணத்து அச்சுக் கடைகளிலே பாமினி எழுத்துருவைப் பழகியோர் பலர். அவர்களுடைய இடக்கை விரல்களின் கீழே ய, ள, ன, க என்னும் நான்கும் இருக்கின்றன. தட்டெழுத்து வகுப்பிலே முதல் நாள் கற்பித்த அதே நான்கு. பழைய பொறியின் மரபு இவ்வாறு கணினிக்குள்ளும் தொடர்ந்து வந்துள்ளது. ஆனால் இளையோர் பலர் ஆங்கில எழுத்தாலே தமிழை ஒலித்துத் தட்டுகின்றனர். அவசரத்துக்கு அது உதவும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், லகரத்துக்கும் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் தனித்தனி விசை கண்ட விரல், அவற்றின் வேறுபாட்டை மனத்திலே பதித்து வைக்கிறது. ஆங்கில எழுத்தின் வழியே வரும் விரலோ, ஒவ்வொரு முறையும் வேற்று வீட்டின் வாயிலால் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குள் வருகிறது.

பேரனைக் குறை கூறுவது நோக்கமன்று. விளையாட்டிலே அவனுடைய இடக்கை ஓயாமல் நிற்பது நான்கு விசைகளின் மேலே: முன்னே செல்ல ஒன்று, பின்னே வர ஒன்று, இடமும் வலமும் திரும்ப இரண்டு. அவற்றைப் பார்க்காமலே விரல் அறியும். அவ்வறிவு சில வாரப் பழக்கத்தாலே வந்தது. அந்த நான்கு விசைகளும் தமிழ் 99இல் என்ன தெரியுமா? ஈ, இ, அ, உ. விளையாட்டிலே தேர்ந்த விரலுக்கு நான்கு உயிரெழுத்தின் இடம் முன்னரே தெரிந்திருக்கிறது, எஞ்சியவை இருபத்தேழே. நாளொன்றுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால், அடுத்த போகத்து வெங்காயம் கிளம்புமுன் அவையும் கைவந்துவிடும்.

அப்போது பாட்டனார் மறுபடியும் வந்து ‘ச’ எங்கே என்று கேட்டால், பேரன் பலகையைக் குனிந்து நோக்க வேண்டியதில்லை. வலக்கைச் சுண்டுவிரல் தானே சென்று காட்டும்.