படிப்பின் நடுவே பல்கலைக் கழகம் மாறுதல்

அயல்நாடு சென்று கற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சுபாஷ் சந்திர போஸ் கல்கத்தாவில் தத்துவப் பாடத்தில் பி.ஏ. தேறிய பின்னர், 1919ஆம் ஆண்டு கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்றார். அமர்த்தியா சென் கல்கத்தாப் பிரசிடென்சிக் கல்லூரியில் 1953ஆம் ஆண்டு பட்டம் பெற்று, அதே கேம்பிரிட்ஜில் 1955ஆம் ஆண்டு மீண்டும் ஒரு பி.ஏ. பட்டம் பெற்றார். இவ்விருவரும் இங்கே ஒன்றை முடித்துவிட்டு அங்கே ஒன்றைத் தொடங்கியவர்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறு வகைப் பயணம். வரலாறோ இலக்கியமோ தத்துவமோ இங்கே ஓராண்டு, ஈராண்டு பயின்று, அப்படிப்பைப் பாதியில் பெயர்த்துக்கொண்டு அயல்நாட்டுப் பல்கலைக் கழகத்தில் போய்ச் சேர்வதே அது.

இந்த வாயில் எல்லா இடத்திலும் திறந்திருக்கவில்லை. ஆக்ஸ்போர்டு, வேறிடத்தில் பாதி படித்தவரை இடையில் சேர்த்துக்கொள்வதில்லை. பிரிட்டனின் வேறு சில பல்கலைக் கழகங்கள் இரண்டாம் ஆண்டில் இடம் தருவதுண்டு. ஆனால் அங்கே மாணவர் முதல் நாளிலிருந்தே பெரும்பாலும் ஒரே பாடத்தைப் பயில்வதால், இரு பாடத்திட்டங்களும் நெருங்கிப் பொருந்தினாலன்றி அது கைகூடாது. அமெரிக்க நாட்டு முறை வேறு. முதல் ஈராண்டில் பல துறைகளையும் தொட்டுப் பார்த்து, பின்னரே முதன்மைப் பாடத்தைத் தேர்ந்துகொள்வது அங்கே வழக்கம். ஆகவே கல்லூரி விட்டுக் கல்லூரி மாறுவது அவர்களுக்கு அன்றாடச் செய்தி. ஆயினும் வரம்பு உண்டு. ஹார்வர்டில் இவ்வழியாகச் சேர விரும்புவோர் ஓராண்டுக்குக் குறையாமலும் ஈராண்டுக்கு மேற்படாமலும் கல்லூரியில் பயின்றிருத்தல் வேண்டும். இங்கே மூன்றாம் ஆண்டில் கால் வைத்த பிறகு நினைத்தால் காலம் கடந்துவிடும்.

இனி, நம் மாணவரும் பெற்றோரும் ஏமாந்து போகும் இடத்துக்கு வருவோம். கிரெடிட் என்னும் அலகால் படிப்பை அளக்கும் முறை இப்போது நம்மிடமும் உண்டு. 2022ஆம் ஆண்டு பல்கலைக் கழக மானியக் குழு வகுத்த சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்த அளவு 120 கிரெடிட்; நான்காண்டுப் பட்டத்துக்கு 160. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றிலும் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் வேண்டும். ஆனால் அதை ஈட்ட அங்கே நான்காண்டு ஆகும். ஐரோப்பிய நாடுகளிலோ ஆண்டுக்கு 60 வீதம் மூன்றாண்டுக்கு 180. சொல் ஒன்று, அளவை மூன்று! இங்கே ஈராண்டில் 80 கிரெடிட் ஈட்டியவர், அங்கே மூன்றில் இரு பங்கு முடிந்துவிட்டதெனக் கணக்கிட்டுக்கொண்டு விமானம் ஏறுவாராயின் ஏமாற்றமே மிஞ்சும். பெரும்பாலும் அவர் கொண்டுவந்ததை ஈராண்டுப் படிப்பாகவோ அதனினும் குறைவாகவோ மதிப்பார்கள். மேலும், இறுதிப் பாதியைத் தங்களிடமே பயில வேண்டும் என்னும் விதியும் பல இடங்களில் உண்டு.

கலைத்துறை மாணவருக்கு இன்னொரு சங்கடம். நுண்கணிதம் கல்கத்தாவிலும் சிகாகோவிலும் நுண்கணிதமே. அதை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. வரலாற்று மாணவரின் மதிப்பெண் பட்டியலில் 'தாள் மூன்று' என்று மட்டும் இருந்தால், அதில் அடங்கியது மௌரியர் காலமா, வங்கப் பிரிவினையா என்று அயல்நாட்டார் எவ்வாறு அறிவர்? அறிந்தாலும் அதை முதன்மைப் பாடத்தில் சேர்க்காமல், விருப்பப் பாடக் கணக்கில் தள்ளிவிடுதல் கூடும். அப்படித் தள்ளப்பட்ட தாளை ஏற்றுக்கொண்டதாகக் காகிதத்தில் எழுதியிருப்பார்கள்; படிக்க வேண்டிய காலமோ ஒரு நாளும் குறையாது. நாம் கை விட்டுப் போனதாகக் கருதும் ஒன்று அங்கே கை கொடுப்பதும் உண்டு. ஆங்கிலமல்லாத மொழி ஒன்றில் தேர்ச்சி வேண்டுமென்பது பல அமெரிக்கக் கல்லூரிகளின் நிபந்தனை. நம் பிள்ளைகளின் தாய்மொழியறிவைச் சோதித்து அந்நிபந்தனை நிறைவேறியதாக ஏற்கும் கல்லூரிகள் உள்ளன.

பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். மாணவ விசா பெற, முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். உதவித்தொகைகளில் பல முதலாண்டில் சேர்வோருக்கே உரியவை. இடையில் வருவோருக்குக் கிடைப்பவை குறைவு. படித்து முடித்து அங்கேயே சிறிது காலம் பணியாற்றிக் கடனை அடைக்கலாம் என்று எண்ணுவோர் ஒன்றை அறிய வேண்டும். பட்டத்துக்குப் பின் பயிற்சிப் பணிக்கு எல்லாருக்கும் 12 மாதமே. 2016ஆம் ஆண்டு விதி மேலும் 24 மாதம் நீட்டித்தது அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறையினருக்கே. கலைத்துறையினர்க்கு அச்சலுகை இல்லை. வீட்டை அடமானம் வைக்கும் தந்தையார் கையெழுத்திடுமுன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் கருத்தை மறைப்பானேன்? பெரும்பாலோர்க்கு இங்கே பட்டத்தை முடித்து, முதுகலைக்கு அயல்நாடு செல்வதே தக்கது. ஆயினும் இடையில் செல்வதற்கு நியாயமுள்ள மாணவர் சிலர் உண்டு. வணிகவியலில் சேர்ந்தபின் தம் மனம் தத்துவத்தில் என்று உணர்ந்து, இங்கே பாடம் மாற வழியின்றித் தவிப்பவர். பண்டைக் கிரேக்கமோ கலை வரலாறோ கற்க விரும்பி, அதற்கு ஆசிரியரே இல்லாத ஊரில் இருப்பவர். இவர்களிடம் 'ஏன் வருகிறீர்' என்று அயல்நாட்டார் கேட்டால் விடை தயாராக இருக்கிறது. விண்ணப்பக் கட்டுரையில் அவர்கள் கேட்பதும் அதுவே. 'உலகப் புகழ் பெற்ற தங்கள் கல்வி நிலையம்' என்று தொடங்கும் விடை அவர்களுக்குச் சலித்துப்போன ஒன்று.

செல்லத் துணிந்தவர் முதலாண்டிலேயே சில காரியங்களைத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் அச்சிட்ட பாடத்திட்டத்தை, படித்த நூற்பட்டியலோடு, துறைத்தலைவர் முத்திரையுடன் வாங்கிவைக்க வேண்டும். எழுதிய கட்டுரைகளை எறியாமல் காக்க வேண்டும். பரிந்துரை எழுதும் ஆசிரியர் மாணவரின் எழுத்தைப் படித்தவராய் இருத்தல் நலம்; 'நன்னடத்தை உடையவர்' என்னும் ஒற்றை வரி அங்கே உதவாது. இடம் கிடைத்த செய்தி வந்ததும் இங்குள்ள கல்லூரிக்கு ஓடி மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிடலாகாது. எத்தனை கிரெடிட் ஏற்கப்பட்டது, அவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு எத்தனை, பட்டம் பெற இன்னும் எத்தனை பருவம் என்பவற்றை எழுத்தில் கேட்டு, விடை கைக்கு வந்த பிறகே அச்சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும்.