எழுத்துக்கூட்டலுக்கும் ஓர் இலக்கணம் உண்டு

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், தரம் 4, 5 மாணவியரும் பெற்றோரும் கூடியிருந்த அரங்கில் பழைய மாணவியான வைத்தியர் ஆற்றிய உரை)



வைத்தியர் வந்தால் போஷாக்கைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் சென்ற வருடம் எனக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பு.

பேசியது தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தரம் 5 பிள்ளை. அவளுடைய ஆச்சிக்குச் சீனி வருத்தம். வயிற்றுக் கோளாறுக்கும் புதிதாக மருந்து கொடுத்திருந்தார்கள். “டொக்டர், ஆச்சிக்குத் தலை சுத்துது. ரெண்டு பக்கெட்டும் ‘மெட்’னுதான் தொடங்குது. எது சீனிக்குன்னு தெரியல.” “எழுத்தெழுத்தாச் சொல்லும்மா” என்றேன். அவளுக்கு அந்தச் சொல்லை வாசிக்க வரவில்லை. ஆனால் எழுத்துகளைத் தப்பாமல் சொன்னாள்: எம், ஈ, டி, ஆர், ஓ...

எனக்கு விளங்கிவிட்டது. சீனிக்கு உரியது மெட்ஃபோர்மின். அவள் கையில் இருந்தது கிருமித் தொற்றுக்குச் சில நாள் மட்டும் எடுக்கும் மெட்ரோனிடசோல். மூன்று நாளாக ஆச்சி ஒன்றுக்குப் பதில் மற்றதை விழுங்கியிருக்கிறார். அன்றே வைத்தியசாலைக்கு அழைத்து வரச் சொன்னேன். ஆச்சி இன்று நலமாக இருக்கிறார்.

அந்த வயதில் எனக்கு ஸ்பெல்லிங் என்றாலே காய்ச்சல் வரும். தரம் 5-இல் நம் ஊர்ப் பெயரையே தப்பாக எழுதினேன். பென்சிலின் முதல் எழுத்தில் தொடங்க வேண்டிய பட்டிப்பொலவை பஸ்ஸின் முதல் எழுத்தில் தொடங்கியிருந்தேன். எங்கள் ஆங்கில டீச்சர் திட்டவில்லை. மறுநாள் வகுப்பையே ரயில் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார். நாட்டிலேயே உயரமான அந்த நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு முன்னால் நிறுத்தி, “பட்டிப்பொல, அம்பேவெல, ரெண்டையும் சொல்லுங்க. ரெண்டிலயும் ‘ப’ இருக்கு. சத்தம் ஒண்ணா?” என்று கேட்டார்.

ஒன்றில்லை. ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’வை நாம் மென்மையாகச் சொல்கிறோம். யாரும் சொல்லித்தராமலே அந்த விதி நம் நாக்கில் இருக்கிறது. தமிழில் இடத்தைப் பார்த்து ஒரே எழுத்தின் ஒலி மாறும். அந்த இரண்டு ஒலிக்கும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து. என் பிழை சோம்பலால் வந்ததில்லை, தமிழ்ப் பழக்கத்தால் வந்தது என்று அன்று தெரிந்தது. பயமும் பாதி குறைந்தது.

தங்கச்சிமார்களே, உங்களுக்கு மூன்று விதிகள் சொல்கிறேன்.

முதலாவது, ஆங்கிலத்திலும் இடத்தைப் பார்த்து ஒலி மாறும் எழுத்து உண்டு. ‘சி’க்குப் பின்னால் ஈ, ஐ, வை வந்தால் பெரும்பாலும் ‘ஸ’ ஒலி, மற்ற இடங்களில் ‘க’ ஒலி. மெடிக்கல், மெடிசின் இரண்டிலும் அதே ‘சி’தான். முதலாவதில் பின்னால் ‘ஏ’, இரண்டாவதில் பின்னால் ‘ஐ’.

இரண்டாவது, கல்லோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘கல்லை’, ‘ல்’ இரட்டிக்கிறது. காலோடு சேர்ந்தால் ‘காலை’, இரட்டிக்கவில்லை. ‘க’ குறில், ‘கா’ நெடில். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘ரன்’ என்பதோடு ‘இங்’ சேர்ந்தால் இரண்டு ‘என்’. ‘ரெயின்’ என்பதோடு சேர்ந்தால் ஒரு ‘என்’ போதும். நம் ஊர் மழையை இரண்டு ‘என்’ போட்டு எழுதாதீர்கள்!

மூன்றாவது, ‘பேபி’ பலராகும்போது கடைசி ‘வை’ மறைந்து ‘ஐ’, ‘ஈ’, ‘எஸ்’ வரும். ‘போய்’ பலராகும்போது ‘வை’ அப்படியே நிற்கும், ‘எஸ்’ மட்டும் சேரும். ‘வை’க்கு முன்னால் உயிரெழுத்து இருந்தால் அதைத் தொடக்கூடாது.

விதிக்கு விலக்கும் உண்டு. ‘ஈ’ ஒலி வந்தால் ‘ஐ’ முன்னே, ‘ஈ’ பின்னே; ‘சி’யை அடுத்து வந்தால் மாறும் என்று படிப்பீர்கள். ‘புரோட்டீன்’ அதற்கு அடங்காது. ‘நைஃப்’ தொடக்கத்தில் சத்தமில்லாத ‘கே’ எதற்கு என்றும் கேட்பீர்கள். ஒரு காலத்தில் அதை உச்சரித்தார்கள். 1476-இல் வில்லியம் கக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய பின், அச்சில் எழுத்துகள் மெல்ல மெல்ல நிலைபெற்றன. நாக்கு மாறிக்கொண்டே போனது. அமெரிக்கர் சில சொற்களைச் சுருக்கினார்கள். நோவா வெப்ஸ்டர் 1828-இல் வெளியிட்ட அகராதி அதை நிலைநாட்டியது. நம் பாடசாலைகளில் எழுதுவது பிரித்தானிய முறை. இரத்தச்சோகைக்கான ‘அனீமியா’வில் நாம் ‘ஏ’யையும் ‘ஈ’யையும் சேர்த்து எழுதுவோம், அவர்கள் ‘ஈ’ மட்டும் எழுதுவார்கள். கைத்தொலைபேசி சிவப்புக் கோடு போட்டால் உடனே கலங்க வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் பெயர் ‘ப’வில் தொடங்கும். ஒரு பத்திரத்தில் அது பென்சிலின் எழுத்து, இன்னொன்றில் பஸ்ஸின் எழுத்து. நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர், தன் பணத்தை வாங்க “இரண்டும் நான்தான்” என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. எழுதியவர் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அன்று வாசித்துப் பார்க்கவும் ஆள் இல்லை. இன்று உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் பிள்ளையிடம் கொடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிடச் சொல்லுங்கள். அதைவிட நல்ல ஸ்பெல்லிங் பயிற்சி எனக்குத் தெரியாது.

ஆனால் பத்துக்கு நாலு வாங்கிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். பிழை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பயந்த பிள்ளை தெரியாத சொல்லை ஒளித்து வைக்கும். பயமில்லாத பிள்ளைதான் தொலைபேசியை எடுத்து, “டொக்டர், எனக்கு வாசிக்கத் தெரியல, எழுத்துச் சொல்றேன்” என்று சொல்லும்.

தூர தேசங்களிலிருந்து இந்த மலரை வாசிக்கும் அக்காமார்களே, தங்கைமார்களே, இந்தப் பாடசாலை நூலகத்துக்கு ஆளுக்கொரு நல்ல அகராதி அனுப்புங்கள். முதற்பக்கத்தில் உங்கள் பெயரைச் சரியான எழுத்துக்கூட்டலோடு எழுதி அனுப்புங்கள்.